பல்கலைக்கழகம் லீக் மாறினால் சட்டமன்றம் ஏன் கூடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்களும், அங்கேயே குடியேறி சனிக்கிழமையானால் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே 'ஆளுநர்' என்று வருபவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். மேலிடம் நியமித்து அனுப்பியவர் அல்ல. நம் கணக்கில் அவர்தான் முதலமைச்சர். இதை மனதில் வைத்துக்கொள்ளாவிட்டால் பாதிக் கதை புரியாது.

கான்ஃபரன்ஸ் என்றால் என்ன? மாநாடு மாதிரியா?

இல்லை. தங்களுக்குள் ஆடிக்கொள்ள ஒப்புக்கொண்ட கல்லூரிகளின் கூட்டு. லீக் என்று நினைத்துக்கொண்டால் போதும். ஆரம்பத்தில் பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து அமைத்தவை இவை. ரயிலேறிப் போய் ஆடிவிட்டு, திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்பிவிடலாம். பிக் டென் 1896-ல் அப்படித்தான் தொடங்கியது. இன்று அதில் 18 பல்கலைக்கழகங்கள். பிக் 12-ல் 16. ஏ.சி.சி. என்பதன் விரிவு அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், ஆனால் பசிபிக் கரையோரம் இருக்கும் பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் இப்போது அதில்தான் இருக்கின்றன. பெயரை வைத்துக் கணக்கும் போட முடியாது, வழியும் கேட்க முடியாது.

இருக்கிற இடத்தை விட்டு ஏன் மாறுகிறார்கள்?

டிவி பணம். அதிலும் அமெரிக்கன் ஃபுட்பால் கொண்டுவரும் டிவி பணம்.

ஒருகாலத்தில் எந்தக் கல்லூரி ஆட்டம் எத்தனை முறை டிவியில் வரலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்புதான் முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா ஆகிய இரு அரசுப் பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அந்த ஏகபோகத்தை உடைத்தது. மறுத்துத் தீர்ப்பெழுதிய பைரன் வொயிட், கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் நட்சத்திரமாக இருந்தவர் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த துணுக்கு. அதன்பிறகு ஆட்டத்தை விற்கும் உரிமை கான்ஃபரன்ஸ்களின் கைக்கு வந்தது. பெரிய ஊர், பெரிய ரசிகர் கூட்டம் உள்ள கல்லூரியைச் சேர்த்தால் விலை கூடும். 2022 ஆகஸ்டில் பிக் டென் போட்ட ஏழு ஆண்டு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல்.

சரி, இது கல்லூரி விஷயம். ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் இதில் என்ன வேலை?

இவற்றில் பெரும்பாலானவை மாநில அரசின் பல்கலைக்கழகங்கள். அவற்றை நிர்வகிக்கும் ரீஜென்ட்ஸ் என்ற ஆட்சிக்குழுவின் உறுப்பினர்களைப் பல மாநிலங்களில் ஆளுநர்தான் நியமிக்கிறார். அப்புறம், பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநரல்ல, ஃபுட்பால் பயிற்சியாளர். இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை.

ஆனால் உண்மையான சிக்கல் வேறு. ஒரே மாநிலத்தில் அண்ணன் தம்பி போல இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கும். பெரியதுக்கு நல்ல இடத்திலிருந்து அழைப்பு வரும், சின்னதுக்கு வராது. பெரியது கிளம்பினால் சின்னதன் டிவி வருமானம் ஒரே வருடத்தில் சரியும், அந்த ஊர் ஹோட்டல் முதல் பார்க்கிங் வரை அடி வாங்கும். அந்த ஊருக்கும் ஓர் எம்.எல்.ஏ. உண்டு. அவர் சும்மா இருக்க முடியுமா?

அரசியல்வாதிகள் நினைத்தால் ஒரு பல்கலைக்கழகத்தை வெளியேறாமல் தடுக்க முடியுமா?

என் கணிப்பில், பெரும்பாலும் முடியாது. கிளம்பியவனைப் பிடித்து நிறுத்துவதில் அரசியலின் கை பலவீனமானது. தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவனை இன்னொருவன் கையைப் பிடித்து உள்ளே நுழைத்துவிடுவதில்தான் அது கெட்டி. அதுவும் ஓட்டெடுப்பு முடிவதற்கு முன்னால் வேலையை ஆரம்பித்தால்தான். டெக்சாஸில் இந்த இரண்டையும் பார்க்கலாம்.

டெக்சாஸில் என்ன நடந்தது?

1994-ல் டெக்சாஸ் கல்லூரிகள் இருந்த சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் உடைந்துகொண்டிருந்தது. ஆர்கன்சா அதற்கு முன்பே எஸ்.இ.சி. என்ற சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸுக்குப் போய்விட்டது. பிக் எயிட் என்ற வடக்கத்திக் கூட்டுக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்-மும் வேண்டும். மற்றவை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. கடைசியில் நான்கு பேர் போனார்கள், பிக் எயிட் பிக் 12 ஆனது. கூடப் போனவை டெக்சாஸ் டெக், பேய்லர். இதில் பேய்லர் அரசுப் பல்கலைக்கழகமே அல்ல, வேக்கோவில் இருக்கும் பாப்டிஸ்ட் தனியார் நிறுவனம்.

அப்போது ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ், பேய்லரில் படித்தவர். துணை ஆளுநர் பாப் புல்லக், டெக்சாஸ் டெக்கில் பட்டமும் பேய்லரில் சட்டமும் படித்தவர். சட்டமன்ற மேலவையான செனட்டைக் கையில் வைத்திருந்த அவர் தயவில்லாமல் எந்தப் பல்கலைக்கழகத்தின் நிதியும் நகராது. பேச்சு மூடிய அறையில் நடந்ததால் யார் எவ்வளவு அழுத்தினார்கள் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். ஆனால் சேர்ந்த நான்கு பெயர்களையும் இந்த இருவர் படித்த கல்லூரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

வெளியே நின்ற டெக்சாஸ் கல்லூரிகள் டி.சி.யு., எஸ்.எம்.யு., ரைஸ், ஹூஸ்டன். டி.சி.யு. பிக் 12-க்குள் வர 2012 ஆனது. ஹூஸ்டன் 2023 வரை காத்திருந்தது. அது அரசுப் பல்கலைக்கழகம், மாநிலத்தின் மிகப் பெரிய நகரத்தில் இருப்பது. ஆனால் அந்த நேரத்தில் அதற்காகப் பேச ஒரு புல்லக் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் 2021. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் பிக் 12-ஐ விட்டு எஸ்.இ.சி.க்குப் போகின்றன என்ற செய்தி ஜூலை 21 அன்று கசிந்தது. டெக்சாஸ் சட்டமன்றத்தில் சூடு பறந்தது. சட்டமன்ற ஒப்புதல் இல்லாமல் மாறக் கூடாது என்று மசோதா தாக்கலானது, செனட்டில் தனிக் குழு அமைந்தது. குழு சாட்சிகளை விசாரித்த தேதி ஆகஸ்ட் 2. இரு பல்கலைக்கழக ரீஜென்ட்களும் அழைப்பை ஏற்று ஓட்டுப் போட்ட தேதி ஜூலை 30. கல்யாணம் முடிந்து சாப்பாடும் ஆன பிறகு பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டது போல. விசாரணையில் பேய்லர், டி.சி.யு., டெக்சாஸ் டெக் தலைவர்கள் குறைகளை எடுத்து வைத்தார்கள். மசோதா சட்டமாகவில்லை. ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே கிளம்புவதற்காக இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டு, 2024 ஜூலையில் எஸ்.இ.சி.யில் சேர்ந்துவிட்டன.

ஆளுநர் ஜெயித்த கதை ஒன்றாவது உண்டா?

உண்டு, வர்ஜீனியாவில். 2003-ல் ஏ.சி.சி.யில் இருந்தவை ஒன்பது. பிக் ஈஸ்ட் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸிலிருந்து மியாமி, பாஸ்டன் காலேஜ், சிரக்யூஸ் ஆகிய மூன்றைச் சேர்க்கத் திட்டம். அதற்கு ஏழு ஓட்டு வேண்டும். டியூக்கும் நார்த் கரோலினாவும் எதிர்ப்பு. மீதி ஏழில் ஒன்று நழுவினாலும் திட்டம் விழும். அந்த ஏழில் ஒன்று வர்ஜீனியா பல்கலைக்கழகம்.

ஆளுநர் மார்க் வார்னர் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டார். பிக் ஈஸ்ட்டில் இருந்த நம் மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகமான வர்ஜீனியா டெக்கை விட்டுவிட்டு மற்றவர்களைச் சேர்ப்பதற்கு நம் பல்கலைக்கழகமே கை தூக்குவதா என்று அழுத்தினார். வர்ஜீனியா தலைவர் ஜான் காஸ்டீன் டெக் இல்லாமல் ஓட்டில்லை என்று நின்றார். முதலில் அழைப்பு போனது மியாமிக்கும் வர்ஜீனியா டெக்குக்கும். சிரக்யூஸ் பட்டியலிலிருந்தே காணாமல் போனது. பாஸ்டன் காலேஜுக்குச் சில மாதம் கழித்து அழைப்பு.

இதில் ஒரு வேடிக்கை. பிக் ஈஸ்ட்டை உடைக்கச் சதி என்று கனெக்டிகட் மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் (அட்டர்னி ஜெனரல்) ரிச்சர்ட் புளூமென்தால் முன்னின்று ஜூனில் ஒரு வழக்குப் போட்டார். வாதிகளில் ஒன்று வர்ஜீனியா டெக். அதே மாதம் ஏ.சி.சி. அழைத்ததும் வழக்கிலிருந்து விலகி, எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது.

வார்னர் ஜெயித்ததற்குக் காரணம் அவர் ஆளுநர் என்பது மட்டுமல்ல. உள்ளே இருந்த ஒரே ஓட்டு தீர்மானிக்கும் ஓட்டாக அமைந்தது. டெக்சாஸ் சட்டமன்றத்துக்கு 2021-ல் எஸ்.இ.சி.க்குள் அப்படி ஒரு பிடி இல்லை. ஏற்கெனவே அங்கிருந்த ஏ அண்ட் எம் கடைசியில் ஆதரவாகவே ஓட்டுப் போட்டது.

கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகம் இன்னொன்றுக்குப் பணம் கொடுக்கிறதாமே?

ஆமாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யு.சி.எல்.ஏ., அதன் பெர்க்லி வளாகத்துக்குக் கொடுக்கிறது. விவாகரத்துக்குப் பிறகு தரும் ஜீவனாம்சம் மாதிரி என்று அங்கேயே கிண்டல் செய்கிறார்கள்.

2022 ஜூன் 30 அன்று யு.சி.எல்.ஏ.வும் தனியாருடையதான யு.எஸ்.சி.யும் மேற்குக் கரைப் பக்கத்துக் கான்ஃபரன்ஸான பேக்-12-ஐ விட்டு பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. யு.சி.எல்.ஏ. விளையாட்டுத் துறை மூன்று ஆண்டுகளில் 10 கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறையில் இருந்தது. ஆளுநர் நியூசம் கொதித்தார். பதவி வழியில் அவரும் ஒரு ரீஜென்ட், ஆனால் அவருக்கே முன்கூட்டித் தெரியாது. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களைச் செய்யும் அதிகாரத்தை ரீஜென்ட்ஸே 1991-ல் அந்தந்த வளாகத் தலைவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். கொடுத்த சாவியை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டு, வீடு திறந்திருக்கிறதே என்று கத்தினால் எப்படி?

ஆனாலும் இங்கே ரீஜென்ட்ஸுக்கு ஒரு பிடி இருந்தது. யு.சி.எல்.ஏ., பெர்க்லி இரண்டுக்கும் ஆட்சிக்குழு ஒன்றுதான். 2022 டிசம்பர் 14 அன்று 11-க்கு 5 என்று மாற்றத்தை அனுமதித்தார்கள், நிபந்தனைகளோடு. வீரர்களின் சாப்பாடு, படிப்பு உதவி, பயணம் ஆகியவற்றுக்குக் கூடுதலாகச் செலவிட வேண்டும். பெர்க்லிக்கு வருடம் 20 லட்சம் முதல் 1 கோடி டாலர் வரை தர வேண்டும். 2024 மே மாதம் அதை உச்சத்தொகையான 1 கோடியிலேயே மூன்று ஆண்டுகளுக்கு நிர்ணயித்தார்கள். போகிறவரை நிறுத்த முடியவில்லை, சுங்கம் வசூலிக்க முடிந்தது.

அப்படியென்றால் ஆட்சிக்குழு ஒன்றா இரண்டா என்பதுதான் விஷயமா?

கிட்டத்தட்ட. பத்திரிகைகள் இதற்குக் கொடுக்கும் இடம் போதாது என்பது என் குறை.

2023 ஆகஸ்ட் 4, பேக்-12 ஒரே நாளில் சரிந்த நாள். அரிசோனா, அரிசோனா ஸ்டேட் இரண்டுக்கும் ஒரே ரீஜென்ட்ஸ். இரண்டும் சேர்ந்தே பிக் 12-க்குப் போயின. வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தனித்தனிக் குழு. வாஷிங்டன் பிக் டென்னுக்குப் போனது, வாஷிங்டன் ஸ்டேட் தெருவில் நின்றது.

ஒரெகான் இன்னும் சுவாரஸ்யம். அங்கே முன்பு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து ஒரு மாநில வாரியம் இருந்தது. ஒரெகான் பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் லாரிவியர் தன்னாட்சி வேண்டும் என்று முட்டி மோதினார். 2011-ல் அந்த வாரியம் அவரை வேலையை விட்டே அனுப்பியது. ஆனால் இரண்டே வருடத்தில் சட்டமன்றம் அவர் கேட்டதைச் செய்தது. 2014 முதல் தனித்தனி வாரியம். அப்போது இதைக் கல்விக் கட்டணம், கடன் பத்திரம் பற்றிய விஷயமாகத்தான் பேசினார்கள். யாரும் ஃபுட்பாலை நினைக்கவில்லை. ஒன்பது வருடம் கழித்து ஒரெகான் பிக் டென்னுக்குக் கிளம்பியபோது, சுமார் 65 கிலோமீட்டர் தள்ளி கோர்வாலிஸில் இருக்கும் ஒரெகான் ஸ்டேட்டுக்காக "பொறு" என்று சொல்ல மாநிலத்தில் எந்த மேசையும் மிச்சமில்லை.

நார்த் கரோலினா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. 2024 பிப்ரவரியில் அங்கே மாநிலப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு ஒரு விதி போட்டது: கான்ஃபரன்ஸ் மாறுவதானால் வளாகத் தலைவர் நிதிக் கணக்கோடு வந்து மேலே ஒப்புதல் வாங்க வேண்டும். சேப்பல் ஹில்லில் இருக்கும் நார்த் கரோலினா பல்கலைக்கழகமும் நார்த் கரோலினா ஸ்டேட்டும் அந்த ஒரே கூரைக்குக் கீழ்தான்.

பேக்-12-ல் மிஞ்சிய இரண்டு பேர் என்ன செய்தார்கள்?

வழக்குப் போட்டார்கள். பேக்-12 விதிப்படி, வெளியேறுவதாக அறிவித்த உறுப்பினர் ஆட்சிமன்றத்தில் உட்கார முடியாது. யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. இரண்டையும் அதே விதியைக் காட்டித்தான் ஒதுக்கியிருந்தார்கள். அப்படியானால் பத்துப் பேர் போன பிறகு ஆட்சிமன்றம் யார்? நாங்கள் இருவர் மட்டும்தான் என்றன வாஷிங்டன் ஸ்டேட்டும் ஒரெகான் ஸ்டேட்டும்.

வழக்கு நடந்தது வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் விட்மன் கவுன்டியில். கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் கிராமப்புற நீதிமன்றம், மேசையில் கோடிக்கணக்கான டாலர் டிவி வருமானம். எதிர்த்து வாதாட வந்தவர்களில் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் உண்டு. ஒரே மாநில அரசின் இரு பல்கலைக்கழகங்கள் எதிரெதிர் மேசையில். 2023 நவம்பர் 14 அன்று நீதிபதி இருவருக்கும் கட்டுப்பாட்டைக் கொடுத்தார். டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைக் கையில் எடுக்க மறுத்தது, பிறகு சமரசம். பாய்ஸி ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் போன்றவற்றைச் சேர்த்துக்கொண்டு 2026-ல் புதிய பேக்-12 என்று ஏற்பாடு.

சட்டமன்றம் செய்ய முடியாததை, யாரும் கவனித்துப் படிக்காத ஒரு துணைவிதி செய்தது.

இதையெல்லாம் பொதுமக்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார்களா?

அரசு நிறுவனம் என்பதால் கூட்டம் திறந்த கதவோடு நடக்க வேண்டும், ஆவணம் கேட்டால் கொடுக்க வேண்டும். நடைமுறை வேறு. 2012 நவம்பரில் மேரிலாண்ட் ஏ.சி.சி.யை விட்டு பிக் டென்னுக்கு மாறியபோது ரீஜென்ட்ஸ் மூடிய கூட்டத்தில் முடித்துவிட்டார்கள். திறந்த கூட்டச் சட்டத்தை மீறினீர்கள் என்று அதற்கான மாநில வாரியம் பின்னால் சொன்னது. சொன்னது, அவ்வளவுதான். மாற்றம் மாறவில்லை. ஏ.சி.சி. கேட்ட வெளியேற்றக் கட்டணம் 5 கோடி டாலருக்கு மேல். ஏறத்தாழ 3.14 கோடிக்கு 2014-ல் பேசி முடித்தார்கள்.

ஃப்ளோரிடா ஸ்டேட் வழக்கு என்ன ஆனது?

மேரிலாண்ட் போன பிறகு ஏ.சி.சி. ஒரு பூட்டுப் போட்டது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் சொந்த மைதான ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையையே கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. பின்னர் அதை 2036 வரை நீட்டினார்கள். நீங்கள் போகலாம், உங்கள் ஆட்டம் எங்களிடம்தான் இருக்கும். வீடு உங்களுடையது, வாடகை எங்களுக்கு.

2023 டிசம்பரில் ஃப்ளோரிடா ஸ்டேட் தன் மாநில நீதிமன்றத்துக்குப் போனது. ஏ.சி.சி. ஒரு நாள் முந்திக்கொண்டு நார்த் கரோலினாவில் வழக்குப் போட்டுவிட்டது. அவரவர் ஊர் நீதிபதி அவரவருக்கு நல்லது என்ற கணக்கு. வெளியேற மொத்தம் 57.2 கோடி டாலர் ஆகும் என்றது பல்கலைக்கழகம். இஎஸ்பிஎன் என்ற விளையாட்டு டிவியோடு ஏ.சி.சி. போட்ட ஒப்பந்தத்தைக் காட்டு என்று ஃப்ளோரிடா அட்டர்னி ஜெனரல் ஆஷ்லி மூடி தனியாக ஒரு வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் சமரசம்: அதிகம் பேர் பார்க்கும் அணிக்கு அதிகப் பங்கு, வெளியேறும் கட்டணம் படிப்படியாகக் குறைந்து 2030-31-ல் 7.5 கோடி.

என் மகள் அங்கே படிக்கிறாள். இதனால் எங்களுக்குக் கட்டணம் கூடுமா?

பல்கலைக்கழகத்தைப் பொறுத்தது. பிக் டென், எஸ்.இ.சி. பெரிய கைகளில் டிவி, டிக்கெட், நன்கொடை போதும் என்பதால் மாணவர் கட்டணம் சின்னப் பங்குதான். நடுத்தர, சிறிய அணிகளில் கட்டண ரசீதை வாங்கிப் பாருங்கள், 'அத்லெடிக்ஸ்' என்று ஒரு வரி இருக்கலாம்.

இதில் வர்ஜீனியா கெட்டிக்கார மாநிலம். விளையாட்டுத் துறை வருவாயில் மாணவர் கட்டணம் எவ்வளவு இருக்கலாம் என்று 2015-ல் சட்டம் போட்டு வரம்பு வைத்தது. மேல்தட்டு கான்ஃபரன்ஸ் என்றால் 20 சதவீதம், அதற்கு அடுத்த தட்டு என்றால் 55. அங்குள்ள ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் சன் பெல்ட் என்ற அடுத்த தட்டு கான்ஃபரன்ஸுக்கு ஏற நினைத்தபோது, சட்டமன்ற உறுப்பினர்கள் அடங்கிய மாநில ஆய்வுக் குழுவிடம் கணக்கைக் காட்டி 2021 நவம்பரில் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் நகர முடிந்தது. சட்டமன்றத்துக்கு உண்மையான குரல் வேண்டுமென்றால் அது இப்படித்தான் வரும். செய்தி கசிந்த பிறகு மைக் முன்னால் கத்துவதால் அல்ல.

பிள்ளை ஃபுட்பால் ஆடவில்லை, வாலிபால் ஆடுகிறாள். அவளுக்கு என்ன ஆகும்?

உள்ளதிலேயே பாவப்பட்டவர்கள் இவர்கள்தான். ஃபுட்பாலில் ஒரு பருவத்துக்கு வழக்கமாக 12 ஆட்டம், அதுவும் வாரக் கடைசியில். வெளியூர் போவது ஐந்தாறு முறை, பெரும்பாலும் தனி விமானத்தில். வாலிபாலும் சாஃப்ட்பாலும் அப்படியல்ல. ஆட்டம் அதிகம், வார நாளிலும் நடக்கும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து அதே பிக் டென்னில் இருக்கும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போவது ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம். வியாழன் வகுப்பை விட்டு, விமானத்தில் லேப்டாப்பைத் திறந்து வீட்டுப்பாடம் எழுதி, திங்கள் காலைப் பரீட்சைக்கு வந்து உட்கார வேண்டும். அவள் ஆட்டத்துக்காக யாரும் 700 கோடி தரவில்லை, ஆனால் பயணம் மட்டும் அவளுக்கும் சேர்த்துத்தான்.

பிரிந்துபோன அண்ணன் தம்பிகள் இன்னும் ஒருவரோடு ஒருவர் ஆடுகிறார்களா?

வாஷிங்டனில் ஆடுகிறார்கள். ஆப்பிள் கப் என்று பெயர், அங்கே ஆப்பிள் விளைச்சல் பிரசித்தம். நவம்பர் குளிரில் நடந்துவந்த ஆட்டம், இப்போது லீக் அட்டவணைக்கு வெளியே செப்டம்பருக்கு வந்துவிட்டது. பிரிவுக்குப் பிறகான முதல் ஆட்டம் 2024 செப்டம்பர் 14, சியாட்டிலில். பிக் டென் பணத்தோடு வந்த வாஷிங்டன் 24-19 என்று பின்தங்கி, கடைசி நிமிடத்தில் எதிரணியின் இறுதிக் கோட்டுக்கு ஒரு கெஜம் வரை வந்துவிட்டது. நான்காவது, அதாவது கடைசி முயற்சி. பந்தைப் பக்கவாட்டில் எறிந்து ஓரமாக ஓடப் பார்த்தார்கள். வாஷிங்டன் ஸ்டேட் தடுப்பாளர்கள் கோட்டுக்கு முன்னாலேயே மடக்கிவிட்டார்கள். இப்போதைய ஒப்பந்தம் 2028 வரை.